யாளிக்கு எலும்பு தேடும் நண்பர்களுக்கு

அன்பார்ந்த காணொளி நண்பர்களே,

வணக்கம். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் குரல் நன்றாகத் தெரியும். பின்னணியில் உடுக்கை அடிக்கும். கோயில் தூண் ஒன்றைக் கேமரா கீழிருந்து மேலாக மெல்ல வருடிக்கொண்டு போகும். "நம் முன்னோர் கண்ணால் பார்க்காத ஒன்றையா இத்தனை ஆயிரம் தடவை செதுக்கியிருப்பார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். கொஞ்ச நேரத்தில் குமரிக்கண்டம் வரும். அதற்கப்புறம் டைனோசர். முடிவில், சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் நிற்கும் யாளியின் எலும்புக்கூட்டை யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடியும்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். பிறர் எழுதியதில் ளகரமா ழகரமா, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதே என் பிழைப்பு. இந்தக் கடிதம் எழுத எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. எழுத வைத்தவள் என் மகள். போன விடுமுறையில் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் நிற்கும் கல்யாண மண்டபத்தை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உங்களில் பாதிப் பேர் அங்கே படம் பிடித்திருப்பீர்கள். முன்வரிசைத் தூண்களில் பின்னங்கால் ஊன்றி எழும்பி நிற்கும் அந்த யாளிகளைப் பார்த்தாள், பார்த்தாள், ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்பா, இதோட எலும்பு எந்த மியூசியத்துல இருக்கு?"

எங்கும் இல்லை என்றேன். "அப்ப ஒளிச்சு வச்சிட்டாங்களா?" என்றாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. தூணைத் தூணாகக் கூடப் பார்க்காமல் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்த தலைமுறை நாங்கள். அந்தத் தூணை அண்ணாந்து பார்க்கவைத்தது நீங்கள்தான், அதற்கு நன்றி. என் மனக்குறை வேறு. யாளி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. எலும்பைத் தேடுகிற அவசரத்தில் அதை மிதித்துக்கொண்டு போகிறீர்கள்.

முதலில் எழுத்துப்பிழை, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'யாழி' இல்லை, யாளி. காணொளித் தலைப்புகளில் இரண்டில் ஒன்று யாழி என்றே இருக்கிறது. யாழ் மீட்டும் கருவி. ஆழி என்றால் கடல், சக்கரம், மோதிரம். இவற்றுக்கும் நம் விலங்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. (வீணையின் தண்டு முனையில் வளைந்து தொங்குவது யாளி முகம்தான். இசைக்கருவிக்கும் இதற்கும் உறவே கிடையாதா என்று யாராவது வீம்புக்குக் கேட்டால் அதைக் காட்டலாம். ஆனால் எழுத்து மாறாது.)

சரி, சொல்லுக்கு வருவோம்.

சங்கப் பாடல்களில் இது பெரும்பாலும் 'ஆளி' என்றே வருகிறது. பொருநராற்றுப்படையில் ஓர் இடம். முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடுகிறார். வெண்ணிப் போர்க்களத்தில் சேரன், பாண்டியன் என்ற இரண்டு பெரு வேந்தரையும் ஒரே களத்தில் வீழ்த்தியவன் அவன். அப்போது அவன் சின்னப் பையன். இதை எப்படிச் சொல்வது? புலவர் சொல்கிறார்:

ஆளி நன்மான் அணங்குடைக் குருளை
மீளி மொய்ம்பின் மிகுவலி செருக்கி
முலைக்கோள் விடாஅ மாத்திரை ஞெரேரெனத்
தலைக்கோள் வேட்டம் களிறட் டாஅங்கு

இன்னும் பால்குடி மறக்காத ஆளிக்குட்டி. அது போகும் முதல் வேட்டை. முதல் வேட்டையிலேயே, சட்டென்று, ஓர் ஆண் யானையை அடித்துப் போடுகிறது. 'ஞெரேரென' என்ற சொல்லை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்த வேகம் நாக்கிலேயே தெரியும். இதில் 'நன்மான்' என்று இருப்பதைப் பார்த்து யாராவது 'நல்ல மான்' என்று விளக்கம் போட்டுவிடப் போகிறார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. பழந்தமிழில் மான் என்றால் பொதுவாக விலங்கு. புள்ளிமானுக்கு மட்டும் அந்தச் சொல் சுருங்கியது பிறகு நடந்தது.

நற்றிணை 205 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஒரு களிறு. அதன் தந்தம் ஏற்கெனவே ஒரு புலியைக் கொன்ற தந்தம். அந்தக் களிற்றை ஆளி இழுத்துக்கொண்டு போகிறது. புலியைக் கொன்றது யானை, யானையைக் கொன்றது ஆளி. மூன்றே அடியில் ஒரு காட்டின் அடுக்கு முழுவதும் வந்துவிட்டது. அகநானூறு 252இல் ஆளி யானையின் முகத்தில் அறைந்து வெண்கோட்டைப் பிடுங்குகிறது. 381இல் பிடுங்கியதோடு விடாமல் தந்தத்துக்குள் இருக்கும் குருத்தையும் தின்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆளி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. கரும்பாலைகளில் எந்திரம் ஓயாமல் இரைகிறது. அந்த இரைச்சல் எப்படி இருக்கிறது? மூங்கில் வளரும் மலைச்சாரலில் ஆளி தாக்கும்போது யானைக் கூட்டம் மொத்தமாகக் கதறினால் எப்படி இருக்குமோ, அப்படி. கரும்பு பிழிகிற சத்தத்துக்கு யானைகளின் ஓலம் உவமை, அந்த ஓலத்துக்குக் காரணம் ஆளி. ஆளியை உருத்திரங்கண்ணனார் காட்டவேயில்லை, சத்தத்தை மட்டும் கேட்கவைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன எந்தப் பாட்டிலும் ஆளிக்குத் தும்பிக்கை இல்லை. கூரிய நகம், அடி, பிடுங்கல், குட்டி, வேட்டை எல்லாம் உண்டு. தும்பிக்கை மட்டும் கிடையாது. சிங்க உடல், யானைத் துதிக்கை, தந்தம் என்று நாம் கோயிலில் பார்க்கும் உருவத்துக்கும் இந்தப் பாட்டுகளில் இருக்கும் விலங்குக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. யாளியின் கதை அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. உங்கள் காணொளிகளில் இந்த இடைவெளி வருவதே இல்லை. ஒரே மூச்சில் "சங்க இலக்கியத்திலும் இருக்கிறது, சிற்பத்திலும் இருக்கிறது, ஆகவே உண்மை" என்று தாண்டிவிடுகிறீர்கள்.

அடிக்கடி நீங்கள் காட்டும் இன்னொரு சான்று குறிஞ்சிப்பாட்டு. "அளைச்செறி உழுவையும் ஆளியும் உளியமும்" என்று கபிலர் புலி, கரடியோடு சேர்த்து ஆளியையும் சொல்கிறார், கற்பனை விலங்கென்றால் நிஜ விலங்குகளோடு சேர்ப்பாரா என்பது உங்கள் வாதம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பட்டியலை நடுவில் நிறுத்திவிடுகிறீர்கள். தொடர்ந்து படித்தால் ஆமான் வருகிறது, களிறு வருகிறது, இடி வருகிறது, அப்புறம் 'சூர்' வருகிறது. சூர் என்றால் மலையில் இருந்து வருத்தும் தெய்வம். அதற்கப்புறம் பாம்பு. கொஞ்சம் தள்ளி முதலை, இடங்கர், கராம் என்று மூன்று வகை முதலைகள். இதை யார் சொல்வது? ராத்திரியில் காதலியைப் பார்க்க மலைவழியே வருகிறானே, அவனுக்கு என்ன ஆகுமோ என்று பதறிய பெண்ணின் மனசைத் தோழி எடுத்துச் சொல்கிறாள். காட்டிலாகாவின் கணக்கெடுப்பு இல்லை இது. இருட்டில் அவன் வரும் வழியில் என்னென்ன இருக்கக்கூடும் என்ற பயத்தின் பட்டியல். புலியும் அதில் உண்டு, சூரும் உண்டு. ஆளி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஒரு பேச்சுக்கு இன்னொன்று. சங்கப் பாட்டில் இருப்பதாலேயே ஒரு விலங்கு உண்மை என்றால், அசுணத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? இனிய இசையில் மயங்கி அருகே வரும். வந்ததும் வேடன் கொடுமையாகப் பறையை அறைவான். அதைத் தாங்காமல் செத்துப்போகும். நற்றிணை 304இல் தலைவி சொல்கிறாள்: அவன் மார்பு அசுணத்தைக் கொல்கிறவர் கையைப் போல, இன்பமும் தரும், துன்பமும் தரும். எவ்வளவு நுட்பமான உவமை! ஆனால் அசுணத்துக்கு எலும்புக்கூடு தேடி ஒருவரும் கிளம்பவில்லை. காரணம் எளிது, அதற்குத் தூண் இல்லை. கேமரா காட்ட எதுவும் இல்லை. ஆக, நீங்கள் நம்புவது பாட்டை இல்லை, கல்லை.

சரி, ஆளியா யாளியா? எது முதல்?

தமிழில் ஆ, யா என்று இரட்டை வடிவம் உள்ள சொற்கள் பல. யாடு–ஆடு, யாமை–ஆமை, யாறு–ஆறு, யாண்டு–ஆண்டு, யானை–ஆனை. எல்லாவற்றிலும் யகரம் பழசு, பேச்சில் உதிர்ந்துபோனது. "ஆவோ டல்லது யகரம் முதலாது" என்கிறது தொல்காப்பியம். அதாவது யகரம் சொல்லுக்கு முதலில் வந்தால் யா என்றுதான் வரும், வேறு உயிரோடு வராது. அந்த ஒரு வாசலும் நாளாவட்டத்தில் மூடிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் யாளிதான் மூலம், ஆளி தேய்ந்தது.

ஆனால் மெய்ப்புத் திருத்துகிறவன் கண் வேறொன்றைப் பார்க்கும். "ஆளி நன்மான்" என்று அடியின் தொடக்கத்தில், முன்னால் எந்த எழுத்தின் நிழலும் விழாத இடத்தில் வரும்போதெல்லாம் அது ஆளியாக இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் 'அணங்குடை யாளி' என்று வருகிறது. அதை அணங்குடை + ஆளி என்றும் பிரிக்கலாம். ஐகாரத்துக்குப் பின்னால் உயிர் வந்தால் நடுவே யகர உடம்படுமெய் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை + அல்ல, மழையல்ல ஆகிறதே, அதுபோல. அந்த ய் விலங்குக்குச் சொந்தமா, இலக்கணம் ஒட்டவைத்ததா என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஒரு ய் எழுத்துக்குள் இவ்வளவு இருக்கிறது. இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் உங்கள் காணொளி கெட்டுவிடாது.

அடுத்து, வடமொழி. சமஸ்கிருதத்தில் 'வியாளம்' என்று ஒரு சொல். கொடியது, வஞ்சம் உள்ளது என்று பொருள். பாம்பையும் குறிக்கும், கொன்று தின்னும் விலங்கையும் குறிக்கும், மதம் பிடித்த பொல்லாத யானையையும் குறிக்கும். சிற்ப நூல்கள் கோயிலில் செதுக்கும் இந்தக் கலப்பு விலங்குக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் போஜ மன்னனின் பெயரில் எழுந்த சமராங்கண சூத்திரதாரம் என்ற நூல் பதினாறு வகை வியாளங்களைச் சொல்கிறது. சிங்கமும் யானையும் குதிரையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். கிளி, சேவல், நாய், குரங்கு, கழுதை முகங்களும் உண்டு. கழுதை முக யாளிக்கு எலும்புக்கூடு எங்கே கிடைக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்!

வியாளம் தேய்ந்துதான் யாளி ஆனது என்று ஒரு கட்சி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இல்லை, ஆளி தூய தமிழ், ஆள்வது ஆளி, காட்டை ஆள்வதால் அந்தப் பெயர் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை.

முதல் கட்சிக்கு ஒரு கேள்வி. வியாசர், வியாக்கிரம், வியாபாரம் என்று வடமொழி வ்ய எழுத்தோடு தொடங்கும் சொற்கள் தமிழுக்கு வரும்போது வி-யை விடாமல் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. பாலி மொழியில் அதே சொல் 'வாள' என்று ஆகியிருக்கிறது. வாளமிக என்றால் கொடிய விலங்கு. அந்த வழியில் வந்திருந்தால் தமிழில் வகரமாவது மிஞ்சியிருக்க வேண்டும். வகரத்தையும் உதறி, யகரத்தையும் உதறி, வெறும் ஆளியாகக் குறிஞ்சி நிலத்து மலைச்சாரலில் போய் அது குடியேறியது என்பதை ஏற்க மனம் தயங்குகிறது. இரண்டாவது கட்சியின் விளக்கம் காதுக்கு இனிமையானது. ஆனால் நான் மேலே காட்டிய பாட்டுகளில் ஆளி எதையும் ஆள்வதில்லை. கொல்கிறது, பிடுங்குகிறது, தின்கிறது. அரியணை ஏறுவது பிற்காலத்துச் சிங்கத்தின் வேலை.

என் ஊகத்தை ஊகம் என்றே சொல்லி வைக்கிறேன். இரண்டு வேறு சொற்கள் ஒரு கல்பட்டறையில் சந்தித்துக்கொண்டன. ஒன்று பாட்டில் இருந்த ஆளி, மலையில் யானையைக் கொல்வது. இன்னொன்று சிற்ப நூலில் இருந்த வியாளம், எந்த முகத்தையும் மாட்டிக்கொள்வது. ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று, கொடுமையும் ஒன்று. உளி பிடித்தவருக்கு இரண்டும் ஒரே விலங்காகிவிட்டது. யாளி என்ற வடிவம் நிலைத்தது அந்தச் சந்திப்பில் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆளிக்கும் சிங்கத்துக்கும் நடுவே இருந்த கோடு வேறு அழிந்துகொண்டே வந்திருக்கிறது. அகராதியைப் பிரித்தால் ஆளிக்குச் சிங்கம் என்றும் ஒரு பொருள் இருக்கும். சம்பந்தரின் கோளறு பதிகத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ஒரு வரியைக் கவனித்திருக்கலாம்: "கோளரி யுழுவையோடு கொலையானை கேழல் கொடுநாக மோடு கரடி ஆளரி நல்லநல்ல". கோளரி ஒருமுறை, ஆளரி ஒருமுறை. கோளரி கொல்லும் சிங்கம். அப்படியானால் ஆளரி? இன்னொரு சிங்கமா, நம் ஆளியா? நாள்தோறும் விளக்கேற்றிப் பாடுகிற பாட்டில் இந்தக் கேள்வி சும்மா கிடக்கிறது.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு நல்ல இடம் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம். அங்கே ஒரு பாறை. நடுவில் ஒரு சிறு மேடை. அதைச் சுற்றி வளையமாகப் பெரிய பெரிய விலங்குத் தலைகள், ஒவ்வொன்றும் கண்ணை உருட்டிக்கொண்டு. பல்லவர் காலத்து யாளித் தலைகள் அவை. ஆனால் அந்த இடத்தின் பெயர் என்ன? புலிக்குகை. யாளிக்கு எடுத்த இடத்தைப் புலிக்குத் தாரை வார்த்துவிட்டோம். போதாக்குறைக்கு அது முழுசாகக் குகையும் இல்லை. யாளி நிஜம் என்று நிறுவத் துடிக்கும் நீங்கள் ஒரு பெயர்ப்பலகையில் தொடங்கியிருக்கலாம்.

கல்லில் அது எப்படி வளர்ந்தது என்பதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கே தெரிந்ததுதான். பல்லவர் தூண்களின் அடியில் உட்கார்ந்திருப்பது சிங்கம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அது எழுந்து நிற்கத் தொடங்குகிறது. அந்தக் கோயிலைக் கட்டிய மன்னனின் பட்டப்பெயரே ராஜசிம்மன், சிங்கத்துக்கு அங்கே மரியாதை இருந்ததில் வியப்பில்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் அது வரிசை கட்டி நிற்கிறது. கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தின் மேல் விளிம்பில் ஓடும் அந்த வரிசைக்கு ஸ்தபதிகள் யாளி வரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விசயநகர, நாயக்கர் காலத்தில்தான் அது ஆளை விடப் பெரிதாகி, தும்பிக்கையை நீட்டி, தூணையே தன் முதுகெலும்பாக்கிக்கொண்டு நிற்கிறது. ஹம்பி, வேலூர், மதுரைப் புதுமண்டபம் என்று எங்கே போனாலும் அது நம்மை முறைக்கிறது. தூணுக்கு எவ்வளவு உயரமோ யாளிக்கும் அவ்வளவு உயரம். பழங்காலத்து விலங்கின் அளவை அதைக் கொண்டு கணக்கிடுவது, நெட்டைத் தச்சன் செய்த கதவைப் பார்த்து வீட்டுக்காரன் உயரத்தைச் சொல்வது போல.

வேலூரில் ஒரு தூணின் அடியில் மகளை உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். கீழேயிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. யாளியின் வயிற்றுக்குக் கீழே, நாம் நிற்கும்போது கண்ணில் படாத இடத்தில், ஒரு சின்ன யானை. பெரிய யாளியின் பிடியில் அது சிக்கிக் கிடக்கிறது. மகள் அந்தச் சின்ன யானையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "பாவம், இது ஏன் இங்க மாட்டிக்கிச்சு?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நற்றிணையில் ஆளி இழுத்துக்கொண்டு போன யானை இது. சிங்கம் யானையை அடக்கும் உருவம் இந்தியா முழுக்க உண்டு, தெரியும். வேலூர் ஸ்தபதி நற்றிணை படித்திருப்பார் என்று சொல்லவரவில்லை. ஆனால் தும்பிக்கை வளர்ந்தாலும், கொம்பு முளைத்தாலும், முகம் குதிரையானாலும், மேலே வீரன் ஏறி உட்கார்ந்தாலும், ஆளி என்றால் யானையை வெல்வது என்ற ஒரு பொருள் மட்டும் விடாமல் கூட வந்திருக்கிறது. பாட்டில் அது யானையைக் கொன்றது. கல்லில் யானையைக் கொன்று அதன் தும்பிக்கையையும் தந்தத்தையும் தன் முகத்தில் மாட்டிக்கொண்டது. இது என் வாசிப்பு, ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் எலும்புக்கூட்டுக் கதையை விட இதில் சுவாரசியம் அதிகமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

குமரிக்கண்டம், டைனோசர் பற்றி நீட்டப் போவதில்லை. குமரிக்கண்டத்தோடு நீங்கள் சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர் முன்வைத்த கருத்து. லெமூர் போன்ற விலங்குகள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதற்கு அவர் சொன்ன விளக்கம். கண்டங்கள் நகர்கின்றன என்று நிலவியல் கண்டுகொண்ட பிறகு அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. டைனோசர்கள் அழிந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் உளி பிடிக்க ஒருவரும் இல்லை. புதைபடிவம்தான் வேண்டும் என்றால் அரியலூருக்குப் போங்கள், கடல் இருந்த காலத்துச் சங்குகளும் சிப்பிகளும் மண்ணிலேயே கிடக்கின்றன. அதற்கு ஒரு காணொளி போடுங்கள், நானே பத்துப் பேருக்கு அனுப்புகிறேன்.

டிராகன் என்று மொழிபெயர்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். டிராகன் கிரேக்கத்தில் பெரிய பாம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சீனர்களின் லுங் மழையையும் நீரையும் ஆள்வது. அதற்கு டிராகன் என்று பெயர் வைத்ததே ஒரு வெளிநாட்டார் குழப்பம். மலையாளத்தில் டிராகனுக்கு வியாளி என்றே சொல்கிறார்கள், அது அவர்கள் வசதி. நம் யாளிக்கு இறக்கையும் இல்லை, அது நெருப்பும் கக்குவதில்லை. அது பூனைக் குடும்பத்துச் சீற்றம். யாளி என்றே எழுதுங்கள். பார்க்கிறவர் கற்றுக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், காணொளிக்கு ஒரு யோசனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. உருளும், வெளியே வராது. ஒரே கல்லில் வாயையும் பல்லையும் உருண்டையையும் தனித்தனியே விடுவித்திருக்கிறார்கள். நீங்கள் அதைக் காட்டும்போதெல்லாம் "இது மனிதனால் முடியுமா?" என்று கேட்கிறீர்கள். முடிந்திருக்கிறதே! பல்லிடுக்கின் வழியே உளியை நுழைத்து, உள்ளே இருப்பதை உடைக்காமல், எத்தனை நாள் அவர் அப்படிக் குனிந்திருப்பார்? இன்றைக்கும் கல்லில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் போய் அதைச் செய்வது எப்படி என்று கேட்டு, அவர் கையைப் படம்பிடியுங்கள். அந்த உடுக்கைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு.

வேலூரிலிருந்து திரும்பிய இரவு, பொருநராற்றுப்படையின் அந்த நான்கு அடிகளையும் மகளுக்குச் சொன்னேன். பால்குடி மறக்காத குட்டி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை கோயிலில் இத்தனை யாளி பார்த்திருக்கிறேன், ஒரு குட்டி யாளியை நான் பார்த்ததில்லை. மறுநாள் அவளே ஒன்று வரைந்து கொண்டுவந்தாள். பெரிய தலை, குச்சிக் கால்கள், பக்கத்தில் மல்லாந்து கிடக்கும் ஒரு யானை. தும்பிக்கை எங்கே என்று கேட்டேன்.

"பாட்டுல இல்லையேப்பா" என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் காணொளிகளைத் தவறாமல் பார்க்கும் ஒரு மெய்ப்புத் திருத்துநர்